பாலம் தாங்குமா? ராணுவ அகாடமிகளும் காப்பியடித்தலும்

நள்ளிரவு, அடைமழை. ஆற்றின் இக்கரையில் ஒரு படைப்பிரிவு கவச வண்டிகளோடு காத்து நிற்கிறது. எதிரே இருக்கும் பழைய பாலம் அந்த எடையைத் தாங்குமா என்று பார்த்துவர 23 வயது லெப்டினன்ட் ஒருவரைத் தளபதி அனுப்புகிறார். அவர் பாதி வழி போகிறார். முழங்கால் வரை சேறு. தூரத்திலிருந்து பார்த்தால் பாலம் நன்றாகத்தான் தெரிகிறது. அங்கேயே நின்று வயர்லெஸ்ஸை எடுக்கிறார்: "பாலத்தைச் சோதித்துவிட்டேன். தாங்கும்."

இது நானாகச் சொல்லும் உதாரணம்தான். ஆனால் ராணுவம் முழுக்க இப்படி ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி இன்னொருவர் அடியெடுத்து வைப்பதில்தான் ஓடுகிறது. தோட்டா எத்தனை மிச்சம், காயம் எத்தனை பேருக்கு, கண்ணிவெடி எதுவரை அகற்றப்பட்டிருக்கிறது, எல்லாமே கீழிருந்து மேலே போகும் சொற்கள். தளபதி தானே போய்ச் சரிபார்க்க முடியாது, நேரமும் இருக்காது. அலுவலகத்தில் பொய்க்கணக்கு எழுதினால் என்றைக்காவது தணிக்கையில் மாட்டுவோம். இங்கே தணிக்கை வருவதற்குள் ஆட்கள் ஆற்றுக்குள் கிடப்பார்கள்.

"போரில் கால்குலஸ் எதற்கு? அதில் காப்பியடித்தால் என்ன குடிமுழுகிப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அகாடமியில் மாணவர் கொடுக்கும் விடைத்தாள், அவர் தன் மேலதிகாரிக்குக் கொடுக்கும் முதல் அறிக்கை. 'இது எனக்குத் தெரியும், நானே போட்டேன்' என்று பெயரெழுதிக் கொடுக்கிறார். கணக்குத் தெரியாவிட்டால் சொல்லிக் கொடுக்கலாம். தெரியாததைத் தெரியும் என்று எழுதிக்கொடுக்கப் பழகிய கையை என்ன செய்வது?

இந்தக் கவலைக்கு அமெரிக்கர்கள் நான்கு வினைச்சொற்களில் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். ஹட்சன் ஆற்றங்கரையில் 1802இல் தொடங்கப்பட்ட வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியின் விதி இது: கேடட் (அங்கே பயிற்சி பெறும் மாணவர்) பொய் சொல்லமாட்டார், ஏமாற்றமாட்டார், திருடமாட்டார், அப்படிச் செய்பவர்களைச் சகித்துக்கொள்ளவும் மாட்டார். ஹானர் கோட் என்பார்கள். 'கௌரவ விதி' என்று மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. தமிழில் கௌரவம் என்பது பெரும்பாலும் பிறர் நமக்குக் கொடுப்பது, சபையில் பார்ப்பது. யாரும் பார்க்காதபோது தன்னைத் தானே எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதற்கு மானம் என்ற சொல்தான் பக்கத்தில் வருகிறது. எனவே மானநெறி என்றே எழுதுகிறேன்.

திருட்டைப் பற்றி விளக்க ஒன்றும் இல்லை. பொய்யில்தான் நுணுக்கம் இருக்கிறது. ஒரு சொல்கூடப் பொய்யில்லாமல் முழுப் பொய் சொல்லலாம். பாரதப் போரில் தர்மர் செய்தது அதுதான். பீமன் ஒரு யானையைக் கொன்றான், அதன் பெயர் அசுவத்தாமன். துரோணர் தன் மகன்தான் இறந்தானோ என்று கலங்கியபோது, எதிரணியில் இருந்த தர்மரிடம் கேட்டார். பொய் சொல்லாதவர் என்று பெயர் வாங்கியவர் அவர் ஒருவர்தானே! தர்மர் 'அசுவத்தாமன் இறந்தான்' என்பதை உரக்கச் சொல்லி, யானை என்பதை மெல்ல முணுமுணுத்தார். துரோணர் வில்லைக் கீழே போட்டார். அதுவரை தரையில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த தர்மரின் தேர் அந்தக் கணத்தில் மண்ணைத் தொட்டது என்கிறது கதை. ஏமாந்தவர் இரு தரப்புக்கும் போர்க்கலை சொல்லிக்கொடுத்த ஆசிரியர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த வித்தைக்கு வெஸ்ட் பாயிண்டில் 'க்விப்ளிங்' என்று தனிப் பெயரே உண்டு. பாதி உண்மையைச் சொல்லிக் கேட்பவரைத் தவறான முடிவுக்குத் தள்ளுவது. மானநெறிப்படி அதுவும் பொய்தான். சந்தேகம் வந்தால் தன்னையே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகளையும் கேடட்டுகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் செய்யப்போவது யாரையாவது ஏமாற்றுமா, ஏமாற விடுமா? எனக்கோ வேறு ஒருவருக்கோ உரிமையில்லாத ஆதாயம் இதனால் கிடைக்குமா? இதையே இன்னொருவர் எனக்குச் செய்தால் எனக்கு ஒப்புமா? மூன்றாவது கேள்வி குழந்தைக்குச் சொல்வது போல இருக்கிறது. ஆனால் இளைஞர்கள் வழுக்குவது பெரும்பாலும் அங்கேதான் என்பது என் எண்ணம்.

உதவி கேட்பதே குற்றமா? இல்லை. மறைப்பதுதான் குற்றம். வெஸ்ட் பாயிண்டில் ஒப்படைக்கும் வீட்டுப்பாடத்தில் ஒரு விசித்திரமான வழக்கம் இருக்கிறது. புத்தகங்களை மேற்கோள் காட்டுவது போலவே, உதவிய நண்பரையும் மேற்கோள் காட்டவேண்டும். கேடட் இன்னார், வாய்மொழி உதவி, இரண்டாவது கணக்கில் என் சமன்பாட்டில் குறி மாறியிருந்ததைச் சுட்டிக்காட்டினார், அதைத் திருத்திக்கொண்டேன், இடம், தேதி. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் ஒரு கூட்டல் குறியைக் காட்டியதற்கு இவ்வளவு எழுத்து! முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு பாலம் நினைவுக்கு வந்தது. "நான் போய்ப் பார்க்கவில்லை, சார்ஜெண்ட் பார்த்துவிட்டு வந்து சொன்னார்" என்று ஒரு லெப்டினன்ட் தயங்காமல் அறிக்கை கொடுக்கவேண்டும் என்றால், அந்தப் பழக்கம் எங்கேயாவது தொடங்கித்தானே ஆகவேண்டும்.

இதுவரை யாருக்கும் மறுப்பு இருக்காது. சிக்கல் நான்காவது வினைச்சொல்லில்.

'சகித்துக்கொள்ளவும் மாட்டார்.' அதாவது, உடன் படிப்பவர் காப்பியடித்ததைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால் நீங்களும் மானநெறியை மீறியவர். வெஸ்ட் பாயிண்டில் இந்தச் சொற்கள் விதிக்குள் எழுத்தாக ஏறியது 1970இல். வழக்கத்தில் அதற்கு முன்பே இருந்தது. தமிழில் இதைச் செய்பவருக்கு நாம் வைத்திருக்கும் சொல் 'காட்டிக்கொடுத்தவன்'. வசைச்சொல் அது. வேறு மொழிக்காரர்களும் இந்த வேலைக்கு நல்ல பெயர் வைத்ததாகத் தெரியவில்லை.

அகாடமி ஒரு கையால் செய்வதை மறுகையால் கலைக்கிறதோ என்று தோன்றும். முதல் நாளிலிருந்து 'தோழனை விட்டுவிடாதே' என்பதுதான் பாடம். ஒருவர் தாமதமாக வந்தால் குழு முழுவதற்கும் தண்டனை. மூட்டையைத் தூக்க முடியாதவரின் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். இப்படி ஓராண்டு வார்த்தெடுத்த பிறகு, அதே தோழனைப் பற்றி விசாரணைக் குழுவிடம் போய்ச் சொல் என்கிறார்கள். பத்தொன்பது வயதில் இது எவ்வளவு பாரம் என்பதை, பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் நாம் யோசிக்கவேண்டும். அகாடமி சொல்லும் நியாயமும் வலுவானதுதான்: பாலத்தைப் பார்க்காமலேயே பார்த்தேன் என்று சொன்னவர் உங்கள் நண்பர் என்பதற்காக நீங்கள் வாய்மூடி இருந்தால், ஆற்றில் போகிறவர்களும் உங்கள் தோழர்கள்தானே.

அமெரிக்கக் கடற்படை அகாடமி இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. அவர்கள் தங்கள் நெறியை விதி என்றுகூடச் சொல்வதில்லை, கோட்பாடு என்கிறார்கள். தவறைப் பார்த்தவர் சும்மா இருக்கக்கூடாது. ஆனால் எடுத்தவுடன் புகார்தான் செய்யவேண்டும் என்பதில்லை, நேரில் பேசிக் கண்டிக்கவும் இடம் உண்டு. எனக்கு இது மனித சுபாவத்துக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. ஆனால் இதனால் அங்கே காப்பியடித்தல் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மானநெறியைக் காவல் காப்பவர்கள் மாணவர்களே. வெஸ்ட் பாயிண்டில் டக்ளஸ் மக்கார்தர் தலைவராக இருந்தபோது, 1922இல், அதுவரை மறைமுகமாக இயங்கிய மாணவர் குழு முறையான அமைப்பானது. விசாரிப்பவர்களும் தீர்ப்புச் சொல்பவர்களும் கேடட்டுகள், இறுதி முடிவு அகாடமித் தலைவருடையது. இளைஞர்கள் கையில் நீதியைக் கொடுத்தால் அது எவ்வளவு கடுமையாகும் என்பதற்கு 'மௌனம்' என்ற பழைய வழக்கமே சாட்சி. மாணவர் குழு குற்றவாளி என்று சொன்ன ஒருவரை மேலிடம் விடுவித்துவிட்டால், மற்ற மாணவர்கள் அவரோடு பேசுவதை நிறுத்திவிடுவார்கள். 1971இல் ஒரு கேடட் மீது வந்த குற்றச்சாட்டு, தேர்வில் நேரம் முடிந்த பிறகும் எழுதினார் என்பது. விசாரணையில் முறைகேடு இருந்ததாக மேலிடம் தீர்ப்பைத் தள்ளியது. அவர் 19 மாதம் தனி அறையில் இருந்தார். பத்துப் பேர் உட்காரும் உணவு மேசையில் தனியாகச் சாப்பிட்டார். 1973இல் பட்டம் பெற்றுத்தான் வெளியே போனார். அதே ஆண்டில் மௌனம் கைவிடப்பட்டது.

இதே ஆயுதம் எந்தக் குற்றமும் செய்யாத ஒருவர் மீது நான்கு ஆண்டுகள் பாய்ந்ததையும் சொல்லாமல் விட முடியாது. 1932இல் சேர்ந்த பெஞ்சமின் ஓ. டேவிஸ் ஜூனியரிடம் உடன் படித்தவர்கள் பேசவில்லை, அறையைப் பகிரவில்லை. காரணம் அவர் கறுப்பினத்தவர் என்பது மட்டுமே. 276 பேர் கொண்ட வகுப்பில் 35ஆவதாகத் தேறினார், பின்னாளில் அமெரிக்க விமானப்படையின் முதல் கறுப்பின ஜெனரல் ஆனார். மானம் பேசிக்கொண்டே மானங்கெட்ட காரியம் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இனி பெரிய காப்பியடிப்புகள். 1951இல் வெஸ்ட் பாயிண்டிலிருந்து 90 கேடட்டுகள் வெளியேற்றப்பட்டார்கள். அகாடமியின் அமெரிக்கக் கால்பந்து அணி கிட்டத்தட்டக் காலியானது, பயிற்சியாளரின் சொந்த மகனும் அதில் ஒருவர். நடந்தது எளிது. மாணவர்கள் இரண்டு ரெஜிமெண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஒரே வினாத்தாள் ஒருநாள் ஒரு பாதிக்கும், மறுநாள் அடுத்த பாதிக்கும் வந்தது. முதல் நாள் எழுதியவர்கள் மறுநாள் எழுதுபவர்களுக்குச் சொன்னார்கள். இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்துவிட்டு மாணவர்களின் மானத்தை மட்டும் நம்பியிருந்தது நிர்வாகம். வெளியேறியவர்களில் சிலர் காப்பியடிக்கவே இல்லை, தெரிந்தும் சொல்லாமல் இருந்தார்கள். நான்காவது வினைச்சொல் இன்னும் எழுத்தில் ஏறாத காலம் அது.

1976இல் மின்பொறியியல். அறைக்கு எடுத்துப்போய்த் தனியாகச் செய்துவரச் சொன்ன பாடத்தைக் கூட்டாகச் செய்தார்கள். 150க்கும் மேற்பட்டோர் வெளியேற நேர்ந்தது, அவர்களில் பலர் பின்னர் திரும்பிவர அனுமதிக்கப்பட்டார்கள். 1992இல் கடற்படை அகாடமி, அங்கும் மின்பொறியியல்தான், வினாத்தாள் முன்கூட்டியே கசிந்தது. 24 பேர் வெளியேற்றப்பட்டனர். மின்பொறியியலுக்கும் மானநெறிக்கும் ஏதோ முன்ஜென்மப் பகை என்று நினைக்கவேண்டாம். விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாரும் படித்தே ஆகவேண்டிய பாடம் அது. வரலாறு படிக்க வந்தவரும் மின்சுற்றைத் தாண்டித்தான் போகவேண்டும். 2020 மே மாதம் கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்தே எழுதிய கால்குலஸ் தேர்வில் வெஸ்ட் பாயிண்டின் 73 பேர் மீது குற்றச்சாட்டு வந்தது, ஒருவரைத் தவிர எல்லாரும் முதலாண்டு மாணவர்கள்.

இந்த நிகழ்ச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணில் படுவது தனிமனிதக் கெடுதல் அல்ல. கட்டாயப் பாடம், ஒரே வினாத்தாள், கண்காணிப்பு இல்லாத இடைவெளி. தவறு செய்தவர்களை இதைச் சொல்லி விடுவிக்க முடியாது, அதே இடைவெளியில் நேர்மையாக எழுதியவர்களும் நிறைய இருந்தார்கள். ஆனால் 1976 விவகாரத்தை ஆராய விண்வெளி வீரர் ஃபிராங்க் போர்மன் தலைமையில் அமைந்த குழு, பழியில் அகாடமிக்கும் பங்கு உண்டு என்று நேராகவே சொன்னது. போர்மனும் வெஸ்ட் பாயிண்டில் படித்தவர்தான்.

தண்டனை பற்றிய சண்டை அங்கிருந்து பெரிதானது. அதுவரை குற்றம் உறுதியானால் ஒரே தண்டனை, வெளியேற்றம். இன்றும் வர்ஜீனியா ராணுவக் கல்லூரி அந்தக் கடுமைக்குப் பெயர் போனது. அங்கே நள்ளிரவுக்குப் பிறகு முரசு அடித்து எல்லாரையும் எழுப்பி, வெளியேற்றப்பட்டவரின் பெயரை அறிவித்து, இனி அந்தப் பெயர் இங்கே உச்சரிக்கப்படாது என்று சொல்வது வழக்கம். கேட்கவே சிலிர்க்கிறது. ஆனால் ஒரே தண்டனை என்றால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நண்பர் செய்தது சின்னத் தவறு. சொன்னால் அவருடைய வாழ்க்கையே போய்விடும். எத்தனை பேர் சொல்வார்கள்? தண்டனை கூடக் கூட வாய்கள் மூடிக்கொள்ளும். எனவே போர்மன் குழுவுக்குப் பிறகு வெஸ்ட் பாயிண்ட் தலைவருக்குத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் கிடைத்தது. 2015இல் இன்னொரு படி போய், தானாக ஒப்புக்கொள்பவர்களை வெளியேற்றாமல் திருத்தும் ஏற்பாடு வந்தது. கால்குலஸ் வழக்கில் 50க்கும் மேற்பட்டோர் அந்த வழியில் ஒப்புக்கொண்டார்கள். மாட்டிக்கொண்ட பிறகு ஒப்புக்கொள்வதற்குப் பெயர் நேர்மையா என்ற கேள்வி எழுந்து, 2021இல் அந்த ஏற்பாடே நிறுத்தப்பட்டது. முடிவில் 8 பேர் வெளியேற்றப்பட்டனர், பெரும்பாலோர் ஓராண்டு பின்தள்ளப்பட்டனர். இந்த ஊசல் இன்னும் பலமுறை இருபக்கமும் ஆடும்.

அகாடமியைத் தாண்டி அதிகாரியான பிறகு என்ன ஆகிறது? 2014இல் மொன்டானா மாநிலத்தின் மால்ம்ஸ்ட்ரோம் விமானப்படைத் தளத்தில், அணு ஏவுகணைகளை ஏவும் பொறுப்பிலிருந்த அதிகாரிகள் மாதாந்தரத் தேர்வின் விடைகளைக் கைபேசியில் பரிமாறிக்கொண்டது வெளியே வந்தது. ஒரு போதைப்பொருள் விசாரணையின்போது தற்செயலாகக் கிடைத்த தகவல். ஒரு கட்டத்தில் 92 பேர் சந்தேகத்துக்குள்ளானார்கள். இதில் உற்றுப் பார்க்கவேண்டிய எண் வேறு. தேறுவதற்கு 90 போதும். பெரும்பாலோரால் காப்பியடிக்காமலேயே அதை எடுத்திருக்க முடியும். ஆனால் பதவி உயர்வு 100 வாங்குபவருக்கே என்ற நினைப்பு வேரூன்றியிருந்தது. தெரியாதவர்கள் தேறுவதற்காக அடித்த காப்பி இல்லை இது. தெரிந்தவர்கள் குறையே இல்லாதவர்களாகத் தோன்றுவதற்காக அடித்தது.

கீழே காப்பியடித்தால் மேலே யோக்கியர்கள் என்றும் நம்ப முடியாது. 1968 மார்ச் 16, வியட்நாமின் மை லாய். 128 எதிரிகள் கொல்லப்பட்டனர், 3 ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டன என்று அமெரிக்கப் படையின் அறிக்கை மேலே போனது. கொல்லப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கான நிராயுதபாணிக் கிராமவாசிகள். 128 உடலுக்கு 3 துப்பாக்கி. அந்த எண்களே கத்திச் சொல்கின்றன, கேட்க யாரும் விரும்பவில்லை. அந்தப் படை சேர்ந்திருந்த டிவிஷனின் தளபதி சாமுவேல் கோஸ்டர் பிறகு வெஸ்ட் பாயிண்டின் தலைவரானார். படுகொலையை மறைத்த குற்றச்சாட்டு வந்ததும் 1970இல் அந்தப் பதவியிலிருந்து விலகினார். வழக்கு தள்ளுபடியானாலும் பதவி ஒரு படி இறக்கப்பட்டது. 'சகித்துக்கொள்ளவும் மாட்டார்' என்ற சொற்கள் விதியில் எழுதப்பட்டது அதே 1970இல்தான்.

இவ்வளவு பெரிய பொய்கள் அபூர்வம். அன்றாடம் நடப்பது சின்னது. அமெரிக்க ராணுவத்தில் ஒரு கம்பெனியின் (சிறு படைப்பிரிவின்) தளபதிக்கு ஆண்டில் பயிற்சிக்குக் கிடைப்பது 256 நாள், மேலிருந்து கட்டாயமாக்கப்பட்ட பயிற்சிகளைக் கூட்டினால் 297 நாள் என்று 2002இல் ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. கணக்கு இடிக்கிறது, ஆனாலும் 'அனைத்தும் முடிந்தது' என்ற அறிக்கைகள் மேலே போய்க்கொண்டே இருந்தன. ராணுவப் போர்க் கல்லூரியின் இரண்டு பேராசிரியர்கள் 2015இல் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். மானநெறியில் ஊறி வளர்ந்த அதிகாரிகளே அவர்களிடம் கூச்சமில்லாமல் விவரித்தார்கள், ஏனென்றால் அதைப் பொய் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. கம்ப்யூட்டரில் எழுதவேண்டிய ஒரு கட்டாயத் தேர்வுக்கு, குழுவிலேயே புத்திசாலியான ஒருவரை உட்காரவைத்து, மற்றவர்கள் பெயரிலும் சேர்த்து ஒன்பது முறை எழுதவைப்பார்களாம். குழு முழுவதும் தேறிவிட்டதாக அறிக்கை போய்ச் சேரும்.